பழனி மலைக் குடியிருப்புகளில் தொண்டு செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறவர்களுக்குச் சாலையோரத்தில் பந்தல் போட்டு அன்னதானம் செய்யும் குழுக்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அப்படி ஒரு குழுவில் பல ஆண்டுகள் பரிமாறிய பழக்கத்தில்தான், கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலைத்தொடரில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கும் ஏதாவது செய்யலாம் என்று நானும் சில நண்பர்களும் கிளம்பினோம். பந்தலில் கற்ற வேலை மலையில் பாதிகூட உதவவில்லை. பந்தலுக்கு வருகிறவருக்குப் பசி, நம்மிடம் சோறு, இலையை எடுத்ததும் கணக்கு தீர்ந்துவிடும். மலைக் குடியிருப்பில் ஒரு குடும்பத்தைக் கேட்டுப் பார்த்தால், பாட்டிக்கு வரவேண்டிய முதியோர் உதவித்தொகை ஒரு கையெழுத்தில் நிற்கும். பேத்தியின் படிப்பு ஒரு சான்றிதழில் நிற்கும். இரண்டுக்கும் அலைய ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும். ஆகவே, கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு துணைக்குப் போவதைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது.

எங்கள் முதல் பயணம் கம்பளி விநியோகமாக இருந்தது. மார்கழியில் மேல்மலையில் உறைபனி விழும் என்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கம்பளிதான். வரிசையில் நிற்கவைத்து, பெயர் வாசித்து, படமும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். இரண்டு மாதம் கழித்து அதே குடியிருப்புக்கு வேறு வேலையாகப் போனபோது, ஒரு வீட்டுக்குள் ஐந்து கம்பளிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். எங்களைப் போலவே வெவ்வேறு குழுக்கள் கொண்டுவந்து கொடுத்தவை அவை. அடுக்கின் மேலிருந்த கம்பளி மட்டும் ஈரத்தில் பூசணம் பூத்திருந்தது. அதற்கு நேர் மேலே தகரக் கூரையில் ஆணி அடித்த இடம் துருப்பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தவை ஒரு தார்ப்பாயும் அதை இழுத்துக் கட்ட இரண்டு ஆட்களும். வாசலோடு திரும்பியிருந்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி பக்கம் மேல்மலை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் கீழ்மலை. மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும் மலைப்பூண்டும், கீழே காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைவதால், கூலி கிடைக்கும் மாதங்களும் கையில் காசில்லாத மாதங்களும் இரண்டு பகுதிகளிலும் வேறுபடும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கீழ்மலைக் குடும்பங்களுக்கு ஓரளவு கூலி வந்துகொண்டிருக்கும். ஐப்பசி அடைமழையில் அடுப்பு எரிவதே சிரமமாக இருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் மலையேறுவது நம் நாட்காட்டிக்குத்தான் பொருந்தும். பிறகு ஒரே ஒரு குடியிருப்பையும், அதில் பத்து வீடுகளுக்கு மேற்படாமலும் தேர்ந்துகொள்ளுங்கள். எட்டுப் பேர் உள்ள குழுவுக்கு அதுவே அதிகம்.

போவதற்கு முன் ஊர்ப் பெரியவரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் சொல்லிவிட வேண்டும். குடியிருப்பு வனப்பகுதிக்குள் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இந்த மலைக் காடுகளின் பெரும்பகுதி 2013 முதல் வன உயிரினச் சரணாலயம். வெளியூர் வாகனத்தில் கொடைக்கானல் வழியாக வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். மாலை நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். இருட்டிய பிறகு காட்டுமாடும், கீழ்மலைப் பக்கம் யானையும் பாதைக்கு வரும்.

வீடுகளுக்கு இருவர் இருவராகப் போங்கள். 1833-இல் பாரீசில் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்றுவரை அப்படித்தான் ஏழைகளின் வீடு தேடிப் போகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பார்க்கலாம், இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண்கள் வாய் திறப்பார்கள். சமவெளியிலிருந்து போகும் நம்மில் பலர், இந்த மலையின் மக்களான பளியரிலும் புலையரிலும் நம்மைவிட மூத்தவர்களை வாயெடுத்ததும் “வா, போ” என்று ஒருமையில் விளிப்பதைக் கேட்டிருக்கிறேன். பல தலைமுறைப் பழக்கம் அது, குழுவில் ஒருவருக்கு அந்த வாய் இருந்தால் அவரை மலைக்கு அழைத்துப் போகாதீர்கள். ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்று முறை வைத்து அழைத்து, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, கொடுக்கும் கருப்புக் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். முதல் இரண்டு முறை எதுவும் கொடுக்க வேண்டாம், எதுவும் எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

மூன்றாம் முறை, தாள்களைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் கூரைச் சட்டத்தில் செருகிய ஒரு துணிக்கடை மஞ்சள் பை இறங்கி வரும். அதற்குள் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், என்றோ ஒரு முகாமில் கொடுத்த சீட்டு எல்லாம் ஒன்றாக மடிந்து கிடக்கும். அவற்றைத் தரையில் பரப்பி வரிசையாகப் படித்தால் சிக்கல் எங்கே என்று தானே தெரியும். ஒரு வீட்டில் கணவன், மனைவி, மாமியார் மூவருக்கும் ஆதாரில் பிறந்த தேதி சனவரி 1 என்றே இருந்தது. அதிலும் மாமியாருக்கு மருமகளைவிட நான்கே வயது அதிகம். இந்த லட்சணத்தில் முதியோர் உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது? இன்னொரு வீட்டில் தகப்பன் பெயர் மூன்று அட்டைகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் பத்தி பிரித்து எழுதிக்கொண்டு, முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வரிசை மாறினால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும்.

சாதிச் சான்றிதழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆதிதிராவிடர் பட்டியலில் உள்ளவர்களுக்கு வட்டாட்சியர் வழங்குகிறார். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க முடியும். எனவே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தாலும், ஆதிதிராவிடர் பட்டியலில் உள்ள புலையர் குடும்பத்துக்கும் பழங்குடியினரான பளியர் குடும்பத்துக்கும் வழி வேறு, காத்திருக்கும் காலமும் வேறு. பளியர் குடும்பத்தில் தந்தைக்கோ தந்தையின் உடன்பிறந்தாருக்கோ முன்பே சான்றிதழ் கிடைத்திருந்தால் அதன் நகலை எப்பாடுபட்டாவது தேடி எடுங்கள், விசாரணையில் அது பெரிய பலம். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வரும் நாளில் அந்தக் குடும்பத்தினர் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான். பல விண்ணப்பங்கள் அந்த ஒரு நாளில்தான் தவறிப்போகின்றன. காட்டு நிலத்தில் நெடுங்காலமாகப் பயிர் செய்யும் குடும்பம் என்றால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரலாம். ஆனால் அது கிராம சபை வழியாக ஊரே சேர்ந்து நடத்த வேண்டிய காரியம். அந்தச் சட்டத்தை உண்மையாகவே அறிந்தவர் துணையில்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

தாண்டிக்குடியிலிருந்து முருகன் ஒரே தாவலில் பழனிக்குப் போனதாகச் சொல்வார்கள். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை. கீழ்மலைக் குடியிருப்பிலிருந்து பேருந்து நிற்கும் இடம்வரை நடந்து, கொடைக்கானல் அலுவலகம் சேர்ந்து, “நாளைக்கு வாங்க” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினால் ஒரு பகல் போய்விடும். ஆகவே உடன் அழைத்துப் போகும் நாளில் பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் குழுவின் நிதியிலிருந்து கொடுத்துவிடுங்கள். இதைப் பழக்கக்கூடாது என்று எங்கள் குழுவிலேயே சிலர் வாதிட்டார்கள். கம்பளிக்குச் செலவழித்ததைவிட இது குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்கள். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அலுவலகம் இருக்காது, கொடைக்கானலில் சந்தை நாள் என்பதால் பலர் வீட்டிலும் இருக்க மாட்டார்கள். மாதத்தில் ஒரு வேலை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். முருகனடியார்கள் மாதக் கார்த்திகையையும், கத்தோலிக்கர்கள் முதல் வெள்ளியையும் இப்படி நேர்ந்துகொண்டால் தவறாமல் போவீர்கள். மாலை போட்டவர் விரதத்தை இடையில் விடுவதில்லை அல்லவா, அதே கண்டிப்பு இதற்கும் இருக்கட்டும்.

மருத்துவ முகாம் நடத்த எல்லோருக்கும் ஆசை. முகாமில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்து பத்து நாள் மாத்திரை கொடுத்தால், பதினோராம் நாள் என்ன ஆகும்? முகாம் நடத்துவதைவிட, வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் பட்டியலில் அந்த வீடு இருக்கிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுச் சேர்ப்பது மேல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு ஓடாமல் முன்பே வாங்கி அந்த மஞ்சள் பைக்குள் வைத்துவிடுங்கள். சாலை இல்லாத குடியிருப்பில் நிறைமாதப் பெண் இருந்தால், டோலி கட்டித் தூக்கிவரும் நிலை வராமல், நாள் நெருங்குமுன்னரே பேருந்து வசதியுள்ள உறவினர் வீட்டுக்கு வந்து தங்க ஏற்பாடு செய்யலாம்.

பொருளாகக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், அரிசி வேண்டாம்; நியாயவிலைக் கடையில் அது விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பு, எண்ணெய், முட்டை, நல்ல டார்ச் விளக்கு, தார்ப்பாய். பழைய துணி கூடவே கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகவும் கூடாது.

பணத்தை உங்கள் சமயம் காட்டிய வழியிலேயே சேர்க்கலாம். வீட்டில் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடி அரிசி, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கான ஜகாத் என எதுவாயினும் வரவு செலவை ஒரே நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஆனால் சமயம் நம் பக்கத்தோடு நிற்கட்டும். பளியருக்கென்று அவர்களுடைய வனதெய்வங்கள் இருக்கின்றன. விபூதியோ செபப் புத்தகமோ உதவியோடு சேர்த்து நீட்டப்பட்டால், மறுக்க முடியாத நிலையில் இருக்கிறவரிடம் நீட்டுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். அவர்களே கேட்டால் பதில் சொல்லுங்கள், பிரசாதம் கேட்டால் கொடுங்கள்.

ஒரு குடும்பத்தின் தாள்கள் நேராகிவிட்டால் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்து, அடுத்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். குறைக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோன குழுக்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். நோட்டில் அந்த வீட்டுக்குரிய பக்கங்களைப் பெரிய எழுத்தில் நகல் எழுதி, விண்ணப்ப எண்களையும் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் குறித்து, வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மஞ்சள் பைக்குள் வைத்துவிட்டு வாருங்கள். மழைக்காலத்துக்குமுன் அந்தப் பைக்கு மேலே ஒரு தடித்த உறையும் போட்டுக் கொடுங்கள், கூரை இன்னும் ஒழுகத்தான் செய்யும்.