பழைய பைக்கின் முன் ஃபோர்க்: கெட்டி ஆயில் எதையும் ரிப்பேர் செய்யாது

போன சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் கராஜுக்கு ஒரு பையன் பக்கியில் (சின்ன பிக்கப் வண்டியில்) பழைய யமஹா ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தான். "அங்கிள், பிரேக் பிடிச்சா முன்பக்கம் அப்படியே குனியுது. ஆயில் மாத்தியாச்சு. இன்னும் கெட்டியா ஊத்தட்டுமா?" என்றான். அவன் சொன்னது முன் ஃபோர்க்கை: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள், ஒவ்வொன்றும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு நின்றவன்தான். வாஷரை மறப்பது, ஒரு காலில் ஆயிலைக் கூடவும் மறு காலில் குறைவாகவும் ஊற்றுவது போன்றவற்றைத் தரை நனைந்தால் தானாகவே கற்றுக்கொள்வீர்கள். அவற்றை விடுகிறேன்.

கெட்டி ஆயில் என்னும் மருந்து

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது எவ்வளவு வேகமாக அமுங்கி விரிகிறது என்பதை மட்டும்தான் ஆயில் பார்த்துக்கொள்கிறது. ஐம்பது வருடம் உழைத்துத் தளர்ந்த ஸ்பிரிங்கை எந்த ஆயிலும் நிமிர்த்தாது. ஆயில் கெட்டியானால் விரிவதும் மெதுவாகும். அடுத்தடுத்துக் குழிகள் வந்தால் ஃபோர்க் முழுதாக விரிவதற்குள் அடுத்த அடி விழும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து, கடைசியில் அமுங்க இடமே இருக்காது.

என்னிடம் 1977 சுசுகி ஜிஎஸ்750 இருந்தது. முன்பக்கம் துள்ளியது. கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, "30 ஊத்து தம்பி" என்றார். இந்த எண் கூடினால் ஆயில் கெட்டி. 10 இருந்த இடத்தில் 20, பிறகு 30. நிறுத்திவைத்து ஹேண்டிலை அமுக்கினால் அருமையாக இருந்தது. அங்கேதான் ஏமாந்தேன். பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லில், லாரிகள் அலையலையாக நசுக்கிய தாரில் முன்சக்கரம் தத்தித் தத்திப் பக்கத்து லேனுக்குப் போனது. அன்று அந்த லேனில் வண்டி எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஒரு ஸ்பிரிங் மற்றதைவிடக் குட்டை. ஆயிலைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் டாம்பர் ராடின் தலையில் இருக்கும் பிஸ்டன் ரிங் இரண்டாக உடைந்திருந்தது. ஆயில் அதன் ஓரமாக ஓடியதால்தான் துள்ளல். மூன்று தடவை ஆயில், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல் இரண்டு ஜோடி, கோணலாகத் தேய்ந்த ஒரு டயர். இத்தனைக்கும் காரணம் ஒரு சின்ன ரிங். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஆகவே முதலில் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்து அளந்து, மேனுவலில் உள்ள குறைந்தபட்ச நீளத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ஸ்பிரிங் இல்லாமல், ஆயிலோடு, காலை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். விரிக்கும்போது கனமாக, ஒரே சீராக வர வேண்டும். நடுவில் எங்காவது தொளதொளவென்று போனால் அங்கே தேய்மானம் இருக்கிறது. ஆயிலைப் பற்றி யோசிப்பது இதற்குப் பிறகுதான். அதிலும் 10 என்ற எண்ணை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 10 இன்னொன்றின் 15 போல இருக்கும். 40 டிகிரியில் எவ்வளவு பாகுத்தன்மை என்று அவர்கள் தரும் அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

துருப் புள்ளி விழுந்த குழாயில் புது சீல்

டர்பன் கடற்காற்று குரோமைத் தின்றுவிடும். உள்குழாயில் நகத்தை ஓட்டுங்கள். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகம் தட்டினால், எத்தனை சீல் மாற்றினாலும் ஒரு மாதத்தில் ஒழுகும். அந்தப் பகுதிக்கு மேலே இருக்கும் புள்ளிகளைக் கண்டுகொள்ள வேண்டாம்.

பிரேக்கில் 'டக்' சத்தம்

முதலில் ஸ்டியரிங் பேரிங்கைப் பாருங்கள்.

ஆக்சில்

முன்சக்கரத்தின் அச்சைப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கும் முன், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு கால்களும் இணையாக நிற்காமல் முறுக்கிக்கொள்ளும்.

கர்டர் ஃபோர்க்

டிஜே ரேலியில் (டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை பழைய பைக்குகளின் ஓட்டம்) ஓடும், 1936-க்குள் செய்த, குழாய்க்குப் பதில் இணைப்புக் கம்பிகளில் ஆடும் கர்டர் ஃபோர்க் வண்டிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் உரசித் தடுக்கும் டாம்பர்தான், ஆயிலே கிடையாது.

பையனின் யமஹாவைப் பிரித்தோம். ஒரு காலில், தளர்ந்த ஸ்பிரிங்கை இறுக்க, அதற்கு மேலே ஆறு ஐந்து-ராண்ட் நாணயங்கள் அடுக்கியிருந்தன. "நான் வைக்கல அங்கிள்" என்றான். முப்பது ராண்டும் என் மேசையில்தான் கிடக்கிறது.