எலிக்கு மூலிகைச் சாறு கொடுக்கும்போது

எங்கள் ஆய்வகத்துக்கு நிலவேம்புச் சாற்றோடு வரும் எம்.ஃபார்ம் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "மெத்தனால் முழுக்கப் போயிற்றா?" என்பதுதான். கரைப்பான் மிச்சம் இருந்தால் நீங்கள் சோதிப்பது மூலிகையை அல்ல, சாராயத்தின் நச்சுத் தம்பியை.

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் வராமல் எலியைத் தொடக் கூடாது. சரி, வந்துவிட்டது. ஒரே ஒரு முறை கொடுத்து நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் சர்வதேச முறையான ஓ.இ.சி.டி. 423-க்கு 8 முதல் 12 வார வயதுள்ள, குட்டி போடாத மூன்று பெண் எலிகள் போதும். ஐந்து நாளாவது கூண்டில் பழகட்டும். முதல் நாள் இரவே தீனியை எடுத்துவிடுங்கள்; தண்ணீரை எடுக்காதீர்கள். காலையில் எடை போட்டு அளவைக் கணக்கிடுங்கள்.

நச்சு இருக்காது என்று நம்பக் காரணம் இருந்தால் கிலோவுக்கு 2000 மி.கி., எதுவும் தெரியாவிட்டால் 300. 180 கிராம் எலிக்கு 2000 என்றால் 360 மி.கி. சாறு. அதை 1.8 மில்லியில் கலக்கினால் கூழாகி, வாய் வழியே வயிற்றுக்குள் சாற்றை விடும் ஊசியை அடைக்கும். நீரில் கலப்பதானால் 100 கிராம் எடைக்கு 2 மில்லி வரை போகலாம், 3.6 மில்லியில் கலக்குங்கள்.

இனிதான் கை நடுங்கும் இடம். என் முதல் வருடத்தில் ஓர் எலி சாறு கொடுத்த பத்தே நிமிடத்தில் செத்தது. நோட்டில் 'நச்சு' என்று எழுதிவிட்டேன். சார் ஒன்றும் பேசாமல் அதன் நெஞ்சைத் திறந்து காட்டினார். நுரையீரல் முழுக்கப் பச்சைச் சாறு.

ஆகவே நுனி உருண்டையான ஊசியையே எடுங்கள். வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை எலியின் மேல் வைத்து அளந்து, ஊசியில் குறி போடுங்கள். வாயின் ஓரமாக நுழையுங்கள். உணவுக்குழாய் என்றால் தானாக வழுக்கிக்கொண்டு போகும். தடுத்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுங்கள். மூக்கில் சாறு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

முதல் அரை மணி நேரம் போனைத் தூர வைத்துவிட்டுக் கூண்டருகில் உட்காருங்கள். முதல் நான்கு மணி நேரம் கவனம் முக்கியம். தீனி மூன்று நான்கு மணி கழித்து. மயிர் சிலிர்ப்பு, நடுக்கம், எச்சில், பேதி, சோர்வு எல்லாவற்றையும் 14 நாளும் குறியுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் சாகாவிட்டால் அதே அளவில் இன்னும் மூன்று எலிகள்.

ஒன்றும் சாகவில்லையா? 'தினமும் சாப்பிடலாம்' என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு 28 நாள் சோதனை தனி. அதில் ஒவ்வொரு குழுவிலும் ஐந்து ஆண், ஐந்து பெண். நம் 14 நாள் சோதனையில் பிழைத்த எலிகளையும் முடிவில் அறுத்துப் பார்க்க வேண்டும். நான் நுரையீரலில்தான் தொடங்குவேன்.