பால் கொடுக்க வசதியான பனியன் துணி டாப்: வீட்டு மிஷினிலேயே தைக்கலாம்

பாப்பாவுக்கு நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போடப் போக வேண்டிய காலையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். குர்தி ஒன்றும் மார்பில் ஏறவில்லை. ஏறிய ஒன்றிரண்டிலும் பால் கொடுக்க வழியில்லை. கீழிருந்து தூக்கினால் வயிறு முழுக்கத் தெரியும். ஜிப் வைத்த நைட்டியை வெளியில் போட்டுப் போக முடியாது. போதாததற்கு அந்த ஜிப்பின் பல் பாப்பா கன்னத்தில் கோடு போட்டிருந்தது. கடைசியில் கணவரின் டி-ஷர்ட்டை மாட்டி, மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நான் இருப்பது கோவை. பனியன் ஊரான திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த சில மாதங்களில் ஐந்து டாப் தைத்துவிட்டேன். ஜாக்கெட் துணியில் நேர்த்தையல் போடத் தெரிந்து, பனியன் துணியைத் தொடப் பயப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"உடம்பு பழையபடி ஆகட்டும், அப்புறம் தைக்கலாம்" என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பால் கொடுக்கிற மாதங்களில்தான் நல்ல துணி அதிகம் தேவை. இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு இன்றைக்கே அளவெடுங்கள்.

எப்படிப்பட்ட டாப்?

முன்பக்கம் இரண்டு துண்டு. மேல்துண்டு தோளிலிருந்து மார்புக்குக் கீழே வரை தொங்கும் மடல். கீழ்த்துண்டு மார்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி இடுப்பு வரை போகும். இரண்டும் 4 இன்ச் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மடலைத் தூக்கினால் பால் கொடுக்கலாம். வயிறு மூடியே இருக்கும். ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது. பார்க்கிறவர்களுக்குச் சாதாரண டாப்தான்.

துணி

ஜாக்கெட் துணி நெய்தது. நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. இழுத்தால் அந்த வளையம் விரிந்து கொடுக்கிறது, விட்டால் சுருங்குகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகப் புரியும்.

கடையில் கண்ணை இழுப்பது சிங்கிள் ஜெர்சி, அதாவது லைக்ரா என்ற ரப்பர் போல இழுபடும் நூல் கலந்த மெல்லிய பனியன் துணி. முதல் டாப்புக்கு அது வேண்டாம். வெட்டின உடனே ஓரம் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டு ஓரம் பின்னாலும், மேல்கீழ் ஓரம் முன்னாலும் சுருளும். தைக்கும்போது அழுகையே வந்துவிடும். இன்டர்லாக் என்ற பனியன் துணியைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளாது, மிஷினில் சொன்ன பேச்சுக் கேட்கும்.

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் துணியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட ஜிஎஸ்எம் தெரிய வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். 60 இன்ச் அகலத்தில் 180 ஜிஎஸ்எம் துணி ஒரு மீட்டர் ஏறக்குறைய 275 கிராம் வரும். அப்படியானால் கிலோவுக்கு மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு டாப்புக்கு ஒன்றரை மீட்டர் போதும், சுருக்கத்துக்கும் சேர்த்து அரைக்கிலோ வாங்குங்கள். நம் வெயிலுக்கு 180 சரி. 220க்கு மேல் போனால் பாப்பாவை மடியில் போட்டதும் இருவருக்கும் வேர்த்துக் கொட்டும்.

துணியை அகலவாக்கில் 4 இன்ச் பிடித்து இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் 5 இன்ச்சுக்கு மேல் வந்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பினால் எடுக்கலாம். தொங்கலாக நின்றுவிட்டால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். நிறத்தில் வெளிர் சாம்பலைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு சொட்டுப் பால் கசிந்தாலும் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். சின்னப் பூ அச்சுதான் எனக்குக் கைகொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள். டாப்பை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே. பருத்திப் பனியன் துணி முதல் துவைப்பில் நீளத்தில் நன்றாகவே சுருங்கும். நான் அவசரத்தில் துவைக்காமல் தைத்த டாப் இன்று தொப்புளுக்கு மேல் நிற்கிறது.

ஊசியும் நூலும்

இதற்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். சாதாரண ஊசியின் கூர்முனை வளையத்தைக் குத்தி அறுத்துவிடும். அன்றைக்குத் தெரியாது. இரண்டு துவைப்புக்குப் பிறகு தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரியும், அங்கிருந்து இழை கழன்று ஓடும். பால்பாயிண்ட் ஊசி என்று கேட்டு 11 அல்லது 14ஆம் எண் வாங்குங்கள். அதன் முனை உருண்டை. வளையத்தை விலக்கிவிட்டு நடுவில் இறங்கும். நூல் மேலும் கீழும் பாலியஸ்டர். பருத்தி நூலுக்கு இழுபடும் குணம் கிடையாது, பட்டென்று அறுந்துபோகும்.

மிஷினில் ஜிக்ஜாக் இருந்தால் அகலம் 1, நீளம் 2.5 வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேர்த்தையல் போலவே இருக்கும், ஆனால் இழுத்தால் கொடுக்கும். நேர்த்தையல் மட்டும் போடுகிற கால் மிஷினா? கவலையில்லை. முன்னாலும் பின்னாலும் துணியை இலேசாக விறைப்பாகப் பிடித்துத் தைத்து, அதன் பக்கத்திலேயே இன்னொரு தையல் ஓட்டுங்கள். விறைப்பாகப் பிடிப்பது வேறு, இழுப்பது வேறு. எங்கள் பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "துணிய இழுக்காத கண்ணு, அதுவே போகும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இழுத்துத் தைத்தால் தையல் முழுக்க அலை அலையாக நெளிந்து நிற்கும். மிஷினில் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் ஒரு சுற்றுக் குறையுங்கள். பாதி நெளிவு அதிலேயே போய்விடும்.

வெட்டிய துண்டில் முதலில் தைத்துப் பாருங்கள். தைத்த இடத்தைப் பலமாக இழுங்கள். நூல் அறுந்தால் இப்போதே அறுந்துவிடட்டும்.

அளவு

மார்பளவைப் பால் கட்டியிருக்கும்போது, அதாவது கொடுப்பதற்கு முன்னால் எடுங்கள். கொடுத்த பிறகு எடுத்த அளவுக்குத் தைத்தால் இரண்டு மணி நேரத்தில் இறுக்கும். இந்த நாட்களில் மார்பில் இறுக்கம் ஆகவே ஆகாது, பால் கட்டிக்கொள்ளும்.

என் அளவை வைத்தே கணக்குச் சொல்கிறேன். மார்பு 38. தளர்வுக்கு 2 சேர்த்து 40. நாலில் ஒரு பங்கு 10, தையலுக்கு அரை. ஆக மடித்த துணியில் பத்தரை இன்ச். இடுப்பு 42. அங்கே 4 இன்ச் தாராளமாகவே விட்டேன். 46இல் நாலில் ஒரு பங்கு பதினொன்றரை, தையலோடு 12. சிசேரியன் ஆபரேஷன் ஆனவர்கள் வயிற்றில் தையல் போட்ட இடத்தில் துணி விளிம்பு உரசாதபடி நீளத்தை அதற்கு நன்றாகக் கீழே இறக்குங்கள். எனக்குத் தோளிலிருந்து 28 இன்ச்.

தோள், கை வளைவு, கழுத்து மூன்றையும் உங்களுக்குத் தோளில் சரியாக உட்காரும் ஏதாவது ஒரு டி-ஷர்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதை நடுவில் மடித்துச் செய்தித்தாள் மேல் வைத்து வரையுங்கள். மார்புக்குக் கீழே உங்கள் புது அளவு.

அடுத்ததுதான் முக்கியம். தோள் உச்சியிலிருந்து மார்பு நுனி வரை அளந்துகொள்ளுங்கள். எனக்குப் பத்தரை. முன்பக்கத் தாளில் அதற்கு 1 இன்ச் கீழே, பதினொன்றரையில் ஒரு கோடு: கீழ்த்துண்டு அங்கே தொடங்கும். 5 இன்ச் கீழே, பதினைந்தரையில் இன்னொரு கோடு: மடல் அங்கே முடியும். இரண்டு துண்டையும் தனித்தனித் தாளில் வரைந்து, கீழ்த்துண்டின் மேல்விளிம்பில் 1 இன்ச்சும் மடலின் கீழ்விளிம்பில் அரை இன்ச்சும் மடிப்புக்குச் சேருங்கள். கீழ்த்துண்டு, முதுகு இரண்டின் அடியிலும் மடிப்புக்கு 1 இன்ச்.

வெட்டுவது

துணியை முந்தின இரவே மேஜையில் விரித்துவிடுங்கள். சுருட்டி வைத்திருந்த துணி இழுபட்டிருக்கும். கொஞ்ச நேரம் கிடந்தால்தான் தன் அளவுக்கு வரும். பாதித் துணி மேஜைக்கு வெளியே தொங்கினால் அதன் எடையே இழுத்துவிடும், அளவு கெட்டுவிடும். அதிகம் இழுபடுகிற பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

முதுகு 1, மடல் 1, கீழ்த்துண்டு 1, கை 2, கழுத்துப் பட்டை 1. குண்டூசி குத்தினால் எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுத்து வையுங்கள். தவழும் பிள்ளை இருக்கிற வீடு.

தைப்பது

பாப்பா தூங்கும் இருபது நிமிடத்தில் ஒரு படி முடிந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நான்கு நாளில் முடித்தேன்.

1. மடலின் கீழ்விளிம்பை அரை இன்ச் மடித்துத் தையுங்கள். நெளிந்தால் துணிக்கு அடியில் செய்தித்தாள் கீற்று ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள்.

2. கீழ்த்துண்டின் மேல்விளிம்பை 1 இன்ச் மடித்துத் தைத்து, உள்ளே அரை இன்ச் எலாஸ்டிக் கோத்து, இரண்டு ஓரத்திலும் தைத்து நிறுத்துங்கள். எலாஸ்டிக் துணியைவிட 1 இன்ச் மட்டும் குறைவாக இருக்கட்டும். துணி தொங்காமல் நின்றால் போதும், இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

3. கீழ்த்துண்டின் மேல் மடலை வையுங்கள். இரண்டும் 4 இன்ச் ஒன்றன்மேல் ஒன்று வந்து, மொத்த நீளம் முதுகுத் துண்டோடு சரியாக இருக்க வேண்டும். பக்கவாட்டு ஓரங்களை மட்டும் சேர்த்து ஒரு தையல் ஓட்டுங்கள். முன்பக்கம் இனி ஒரே துண்டு.

4. தோளைச் சேருங்கள். தோளுக்கு மட்டும் இழுபடும் குணம் கூடாது. பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டியே தோள் இறங்கிப்போகும். இழுபடாத மெல்லிய பருத்தி டேப் ஒன்றைத் தையலோடு சேர்த்து ஓட்டிவிடுங்கள்.

5. கழுத்துப் பட்டை. எல்லோரும் சொதப்பும் இடம், அதனால் நிதானமாக. கழுத்துச் சுற்றளவைத் தையல் கோட்டில் அளந்து நூற்றுக்கு 85 எடுங்கள். எனக்குக் கழுத்து 24. 85 பங்கு இருபதரை. தையலுக்கு அரை சேர்த்து 21 இன்ச் நீளம், 2 இன்ச் அகலத்தில் ரிப் துணி (வரிவரியாகப் பின்னிய, நன்றாக இழுபடும் பனியன் துணி). ரிப் கிடைக்காமல் அதே இன்டர்லாக்கில் வெட்டினால் நூற்றுக்கு 90 வையுங்கள், அது அவ்வளவு இழுபடாது. பட்டையின் இரண்டு முனையையும் இணைத்து வளையமாக்கி, நீளவாக்கில் மடியுங்கள். பட்டையை நான்காகப் பிரித்துக் குறியிடுங்கள், கழுத்தையும் அப்படியே. குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்தி, பட்டையை மட்டும் இழுத்துக் கழுத்தின் அளவுக்குக் கொண்டுவந்து தையுங்கள். கழுத்துத் துணியை இழுக்கவே கூடாது. தைத்து முடித்ததும் கழுத்து வாய் பிளந்து நின்றால் பட்டை நீளம். சுருங்கி நின்றால் குட்டை. பிரித்து மறுபடி தைக்க அலுத்துக்கொள்ளாதீர்கள், முகத்துக்கு நேரே இருக்கிற தையல் இது.

6. கையைத் தோள் தையலில் நடுவைத்து விரித்த நிலையிலேயே பொருத்துங்கள்.

7. கையின் விளிம்பிலிருந்து அக்குள் வழியாக அடிவரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். மடலும் கீழ்த்துண்டும் சேரும் இடத்தில் துணி தடிமனாகும். சக்கரத்தைக் கையால் சுற்றி மெதுவாகத் தாண்டுங்கள். தினமும் அதிகம் இழுபடப்போகும் இடம் அதுதான். அங்கே முன்னும் பின்னுமாக ஒரு கெட்டித்தையல் போட்டுவிடுங்கள்.

8. அடியையும் கை விளிம்பையும் மடித்துத் தைத்து, ஆவி இஸ்திரியை அழுத்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம். மிச்சமிருக்கும் நெளிவு அடங்கிவிடும்.

துணி ஓரம் பிரியாமல் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லையே என்று கேட்பார்கள். தேவையில்லை. பனியன் துணி ஓரத்தில் நூல் பிரியாது.

போடுவதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பி, தொங்குகிற நூல் ஒவ்வொன்றையும் ஒட்ட நறுக்கிவிடுங்கள். மடலுக்குள் பாப்பாவின் கை எந்நேரமும் துழாவிக்கொண்டே இருக்கும். நீள நூலோ முடியோ குட்டி விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். அழுகைக்குக் காரணமும் சட்டென்று தெரியாது. முதல் துவைப்புக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள். புதிதாக நூல் எட்டிப் பார்க்கும்.

பிறகு கண்ணாடி முன் நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்து மடலைத் தூக்கிப் பாருங்கள். என் முதல் டாப்பில் மடல் 2 இன்ச் நீளமாகப் போய், தூக்கினால் பாப்பா மூக்கின் மேல் குவிந்து விழுந்தது. இரண்டாவதில் அதைக் குறைத்தேன். மூன்றாவதைத்தான் பத்தாவது வார ஊசிக்குப் போட்டுக்கொண்டு போனேன், துப்பட்டா இல்லாமல்.