வார்டில் கை உதறும் தாதிமை மாணவர்களுக்கு

பயிற்சிக்கு வரும் தங்கச்சிமார் முதல் வாரமே என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, எனக்கு எப்போ தைரியம் வரும்?" வரட்டும் என்று காத்திருந்தால் வராது. சின்னப் பிரச்சினை ஒன்றை நீங்களே அவிழ்த்துப் பாருங்கள், கொஞ்சம் வரும்.

நான் மாணவியாக இருந்தபோது ஒரு பாட்டியின் விரலில் ஆக்சிமீட்டர், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி, 86 என்று குறைவாகக் காட்டியது. அந்த எண்ணையே பார்த்தபடி உறைந்து நின்றேன். மூத்த தாதி வந்து பாட்டியின் முகத்தைப் பார்த்தார். "சாப்பிட்டீங்களா பாட்டி?" ரசத்தில் உப்பே இல்லை என்று பாட்டி திணறாமல் கடகடவென்று பேசினார். உதடு நீலம் பாயவில்லை. மூச்சை எண்ணினார், நிமிடத்துக்கு 16. கையைத் தொட்டார், ஏர்கான் குளிரில் சில்லிட்டிருந்தது. உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி வேறு விரலில் மாட்டினார். 97.

அந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆள், அப்புறம் கருவி. பேசுகிறாரா, மூச்சு வாங்குகிறதா, நிறம் எப்படி, தொட்டால் எப்படி? மூச்சுத் திணறினாலோ பேச்சு குழறினாலோ விரல் மாற்றிப் பார்க்க நேரமில்லை. பக்கத்திலேயே நின்று மணியை அழுத்திக் கூப்பிடுங்கள். எண் சரியாகிவிட்டாலும் பொறுப்புத் தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்வதில்தான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "சிஸ்டர், அங்கிள் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்: "7ஆம் கட்டில் அங்கிளுக்கு வேர்க்குது, கை நடுங்குது. காலையில் இன்சுலின் போட்டாங்க, சாப்பாட்டைத் தொடலை. ரத்தச் சர்க்கரை 3.4. நினைவா இருக்கார், விழுங்க முடியுது. குளுக்கோஸ் கொடுக்கணும்னு நினைக்கிறேன், உடனே வந்து பாருங்க." சர்க்கரை 4க்குக் கீழே (mmol/L அளவில்) போனால் காத்திருக்கக் கூடாது. குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இப்படிச் சொல்வதை நான் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து வரும் எம்ஆர்டி ரயிலில் முணுமுணுத்துப் பழகினேன். வீட்டில் அம்மாவை உட்கார வைத்தும் சொல்லலாம்.

மருந்தில் சந்தேகம் வந்தால் கையை நிறுத்துங்கள், கேளுங்கள். கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒரு குட்டி நோட்டில் மூன்று வரி: என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், கடைசியில் என்ன ஆனது. நோயாளியின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் எழுதவே கூடாது. மாதக் கடைசியில் புரட்டும்போது, இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒத்துப்போன நாள்களைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஒத்துப்போகாதவற்றை அடுத்த வாரம் என்னைப் போல் ஓர் அக்காவிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.