ரெசிடென்சி இன்டர்வியூ பிரசன்டேஷனுக்கு டாபிக் எடுக்குறப்ப பண்ணக்கூடாத தப்பு எல்லாம்

ஜனவரி பொறந்துட்டா போதும், அமெரிக்காவுல ஃபார்ம்டி (ஃபார்மசி டாக்டர் பட்டம்) கடைசி வருஷம் படிக்குற நம்ம பசங்ககிட்டருந்து மெசேஜ் வர ஆரம்பிச்சுடும், "அண்ணா, பிஜிஒய்1 (ஆஸ்பத்திரியில முதல் வருஷ ரெசிடென்சி பயிற்சி) இன்டர்வியூல பிரசன்டேஷன் கேட்டுருக்காங்க, எந்த டாபிக் எடுத்தா செமயா இருக்கும்?" ஃபோர்காஸ்ங்குற ஆன்லைன் தளத்துல அப்ளிகேஷன் போட்டு, ஜனவரி பிப்ரவரியில இன்டர்வியூ ஓடி முடிச்சு, மார்ச் ஆரம்பத்துல ரேங்க் லிஸ்ட் (புடிச்ச எடங்களோட வரிசை) குடுத்து, மார்ச் நடுவுல யாருக்கு எந்த எடம்னு மேட்ச் ரிசல்ட்டு. இந்த ஓட்டத்துக்கு நடுவுல ரொட்டேஷன் (ஆஸ்பத்திரியில மாத்தி மாத்தி பயிற்சி) வேற. அதனால டாபிக்க அவசரமா, பேரு நல்லாருக்கேன்னு எடுத்துடுறாங்க. இன்டர்வியூ பேனல்ல உக்காந்து கேக்குற பக்கத்துலருந்து சொல்றேன், டாபிக் பேருக்கு யாரும் மார்க் போடுறதில்ல. இந்தப் புள்ள ஒரு ட்ரையல (பேஷன்ட்டுங்கள வச்சு மருந்த சோதிச்ச ஆராய்ச்சிய) படிச்சு, இந்த பேஷன்ட்டுக்கு இத குடு, அவருக்கு குடுக்காதன்னு முடிவு சொல்லுமா, கேள்வி கேட்டா தடுமாறாம நிக்குமா, அவ்ளோதான் பாக்குறோம். அதுக்கு எடம் குடுக்காத டாபிக்க எடுத்துட்டா நீங்க எவ்ளோ நல்லா பேசினாலும் பேனலுக்கு எழுதிக்க ஒண்ணும் இருக்காது.

ரொம்ப ஜாஸ்தி நடக்குற தப்பு, ஒரு வியாதியவே டாபிக்கா எடுக்குறது. "டைப் 2 டயாபடிஸ் மேனேஜ்மென்ட்"னு போட்டு வருவாங்க, குடுத்த டைம் 15 நிமிஷம், அதுல இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்னா என்னன்னு ஆரம்பிச்சு பாத்தோஃபிசியாலஜிக்கே (வியாதி எப்படி வருதுங்குறதுக்கே) 5, 6 நிமிஷம் போயிடும், எதிர்ல உக்காந்திருக்குறது வருஷக்கணக்கா டயாபடிஸ் கிளினிக் ஓட்டுற ப்ரீசெப்டர் (பயிற்சி குடுக்குற சீனியர் ஃபார்மசிஸ்ட்). திருப்பதியில போய் லட்டு எப்படி இருக்கும்னு வெளக்குற மாதிரிதான். அப்புறம் மெட்ஃபார்மின்லருந்து வரிசையா ஒவ்வொரு க்ளாஸா ஒரு ஸ்லைடு, கடைசியில டைம் முடிஞ்சுடும், நீங்க என்ன நெனைக்குறீங்கன்னு சொல்லவே நேரம் இருக்காது.

எடுக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. இத கொஞ்சம் பிரிச்சு காட்டுறேன். "செப்சிஸ்ல (இன்ஃபெக்ஷனால உடம்பே ஆபத்துக்கு போற நிலைமை) ஆன்டிபயாட்டிக்"னு ஒருத்தர் யோசிக்குறாருன்னு வச்சுக்கோங்க, அது கடல். அத "ப்ளட்ஸ்ட்ரீம் இன்ஃபெக்ஷனுக்கு (ரத்தத்துல பாக்டீரியா) 7 நாள் போதுமா, 14 நாள் வேணுமா"ன்னு சுருக்கினா பேலன்ஸ்ங்குற ட்ரையல்ல வந்து நிக்கும். 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்தது, 7 நாட்டுல 74 ஆஸ்பத்திரி, 3608 பேஷன்ட். 90 நாள்ல எறந்தவங்க 7 நாள் பக்கம் 14.5 சதவீதம், 14 நாள் பக்கம் 16.1 சதவீதம். நான்-இன்ஃபீரியாரிட்டி மார்ஜின் (7 நாள் இவ்ளோ வரைக்கும் மோசமா இருந்தாலும் ஏத்துக்கலாம்ங்குற எல்லை) 4 சதவீதப் புள்ளி, அதுக்குள்ள நின்னுடுச்சு. இத சொல்லிட்டு "ஆகவே 7 நாள் போதும்"னு முடிச்சா அது பேப்பரோட அப்ஸ்ட்ராக்ட், அத நாங்களே படிச்சுக்குவோம்.

நல்ல கேண்டிடேட் அடுத்து போறது எங்கன்னா, யாரை உள்ளயே எடுக்கலன்னு. ஸ்டாஃப் ஆரியஸ்ங்குற பாக்டீரியா வந்தவங்க ட்ரையல்ல இல்ல. நியூட்ரோபீனியா (ரத்தத்துல ஒரு வகை வெள்ளணு கொறையுறது) மாதிரி இம்யூனிட்டி ரொம்ப கொறஞ்சவங்க இல்ல, எண்டோகார்டைட்டிஸ் (இதயத்தோட உள்பக்க இன்ஃபெக்ஷன்) மாதிரி நீளமா மருந்து வேணும்ங்குற கேஸும் இல்ல. சரி, யூரின்லருந்து கிளம்பின ஈகோலை பாக்டீரியா, சோர்ஸ் கன்ட்ரோல் (இன்ஃபெக்ஷன் கிளம்பின எடத்த சரி பண்றது) ஆயிடுச்சு, ஜுரம் எறங்கிடுச்சு, அவருக்கு தைரியமா 7 நாள். ட்ரான்ஸ்ப்ளான்ட் ஆனவருக்கு இந்த பேப்பர காட்டி நிறுத்த மாட்டேன். இப்படி சொன்னாதான் முடிவு. அப்ப பேனல்ல ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, "7 நாள் க்ரூப்லயே 23.1 சதவீதம் பேருக்கு சொன்னதவிட கூட நாள் ஓடிருக்கே, அது ரிசல்ட்ட எந்தப் பக்கம் தள்ளும்?" நான்-இன்ஃபீரியாரிட்டி ட்ரையல்ல ரெண்டு க்ரூப்பும் ஒண்ணோட ஒண்ணு கலந்தா வித்தியாசம் சின்னதா தெரியும், அதனால அந்த டிசைனுக்கு இது சாதகமா போயிடும், ப்ரோட்டோகால ஒழுங்கா ஃபாலோ பண்ணினவங்கள மட்டும் எடுத்த அனாலிசிஸ தனியா பாக்கணும். இத நிதானமா சொல்ற புள்ளைக்கு வேற எந்த ஸ்லைடும் தேவையில்ல. பாருங்க, ஒரே கேள்வி, ஒரே பெரிய ட்ரையல், 15 நிமிஷம் தாராளமா நெறையும்.

அடுத்தது, பளபளான்னு எதையாவது எடுத்து பேனல அசத்தணும்ங்குற ஆசை. போன மாசம் அப்ரூவ் ஆன மருந்து, ஊருக்கு ஒருத்தருக்கு வர்ற வியாதி, ஜீன் தெரபி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இருக்குறது சின்னதா ஒரு ட்ரையல், கம்பேர் பண்ண வேற மருந்து இல்ல, அந்த ஆஸ்பத்திரி ஃபார்முலரியிலயே (அங்க பயன்படுத்துற மருந்து லிஸ்ட்) அது கெடையாது. க்ரிட்டிக் பண்ண எடமே இல்லாததால கேள்வி நேரா பேசிக்ஸுக்கு எறங்கும், "இது எப்படி க்ளியர் ஆகுது, ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டுற வேகம்) 20ல என்ன பண்ணுவீங்க"ன்னு. அங்கதான் மாட்டுவாங்க.

இதுக்கு நேர் எதிர் தப்பும் இருக்கு, ஏற்கனவே முடிஞ்சுபோன வழக்க திரும்ப எடுக்குறது. ஈஎஃப் (இதயம் ஒரு துடிப்புல ரத்தத்த தள்ளுற சதவீதம்) கொறஞ்ச ஹார்ட் ஃபெயிலியர்ல எஸ்ஜிஎல்டி2 க்ளாஸ் மருந்து குடுக்கலாமான்னு இப்ப வந்து கேட்டா எப்படி? டாபா-ஹெச்எஃப் ட்ரையல் 2019லயே வந்தாச்சு, 2022 அமெரிக்க கைட்லைன் அந்த மருந்த கிளாஸ் 1 (ரொம்ப உறுதியான சிபாரிசு) ஆக்கியாச்சு. அதே மருந்த வச்சே, அட்மிட் ஆன பேஷன்ட்டுக்கு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க, 530 பேர வச்சு பண்ணின எம்பல்ஸ் ட்ரையல் இருக்கு, பேச எடம் இருக்கு. வேன்கோமைசின்ங்குற ஆன்டிபயாட்டிக்கும் இப்படித்தான், 2020 கைட்லைன் சீரியஸ் எம்ஆர்எஸ்ஏவுக்கு (பல மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் ஆரியஸ்) ஏயுசி (ஒரு நாள் முழுக்க ரத்தத்துல இருக்குற மருந்தோட மொத்த அளவு) 400லருந்து 600னு சொல்லி, ட்ராஃப் (அடுத்த டோஸுக்கு முன்னாடி இருக்குற அளவு) 15-20ஐ மட்டும் நம்பி டோஸ் போடாதன்னு சொல்லிடுச்சு. அதுக்கு ப்ரோட்டோகால் எழுதி வருஷம் பல ஆன ஆஸ்பத்திரியில போய் ஏயுசியா ட்ராஃபான்னு ஆரம்பிச்சா, மரியாதைக்கு கேட்டுட்டு இருப்பாங்க.

மெயில ஒழுங்கா படிக்காம டாபிக் முடிவு பண்றவங்களும் ஏராளம். சில எடத்துல பேஷன்ட் கேஸ் கேப்பாங்க, சில எடத்துல ஜர்னல் கிளப் (ஒரு பேப்பர அலசுறது), சில எடத்துல "உங்க விருப்பம், 10 நிமிஷம், அப்புறம் கேள்வி"ன்னு மட்டும் இருக்கும். காலேஜ்ல பண்ணின 45 நிமிஷ செமினார அப்படியே தூக்கிட்டு வந்து பாதி ஸ்லைட ஹைட் பண்ணி ஓட்டுறது எங்களுக்கு உடனே தெரியும், ஏன்னா ஒரு ஸ்லைடுல பேசினது அடுத்த ஸ்லைடோட ஒட்டாது. இன்னொன்னு, போற எடம் எதுன்னு பாருங்க. வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினர்) ஆஸ்பத்திரிக்கு போய் பச்சக் கொழந்தைங்க டோசிங் பேசுறது, குழந்தைங்க ஆஸ்பத்திரியில 70 வயசுக்காரங்கள வச்சு பண்ணின ட்ரையல் பேசுறது, ரெண்டுமே இவங்க நம்ம எடத்த பத்தி யோசிக்கவே இல்லன்னு காட்டிடும். அதுக்காக சைட்டுக்கு ஒரு டாபிக்னு புதுசு புதுசா தயார் பண்ணாதீங்க, செத்துருவீங்க. ஒரே டாபிக், அங்கங்க பேஷன்ட்டயும் கடைசி சிபாரிசையும் மட்டும் மாத்திக்கிட்டா போதும்.

கேஸ் எடுக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது சின்ன விஷயம் இல்ல. பேர எடுத்துட்டா ஹிப்பா (பேஷன்ட் ரகசியத்த காக்குற அமெரிக்க சட்டம்) பிரச்சனை முடிஞ்சதுன்னு நெனைக்குறாங்க. அட்மிட் ஆன தேதி, எம்ஆர் நம்பர் (மெடிக்கல் ரெக்கார்ட் நம்பர்), ஊர் பேரு எல்லாமே போகணும், 89 வயசுக்கு மேலன்னா வயசக்கூட 90ம் அதுக்கு மேலயும்னுதான் போடணும். தேதிக்கு பதிலா "முதல் நாள், மூணாம் நாள்"னு போட்டுக்கோங்க. இவ்ளோ எடுத்தும், சின்ன ஊர்ல ஒரே ஒருத்தருக்கு வந்த விசித்திரமான கேஸா இருந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும், அத விட்டுடுங்க. ரொட்டேஷன் ப்ரீசெப்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுக்குறதும் நல்லது.

அப்புறம் "இன்னும் ஆராய்ச்சி தேவை"ன்னு முடியுற டாபிக். சின்ன சின்ன ரெட்ராஸ்பெக்டிவ் ஸ்டடி (பழைய ரெக்கார்ட பொரட்டி பண்றது) நாலு, நாலும் நாலு பக்கம் இழுக்குது, கேண்டிடேட்டும் கைய விரிச்சுடுறாரு. டேட்டா பத்தாதுன்னாலும் நாளைக்கு காலையில ரவுண்ட்ஸ்ல டாக்டர் கேட்டா ஏதாவது சொல்லித்தானே ஆகணும்? "டேட்டா இவ்ளோதான், ஆனா இந்த பேஷன்ட்டுக்கு நான் இத குடுப்பேன், இந்த லேப பாத்துட்டு இருப்பேன்"னு சொல்ல முடியாதுன்னா அந்த டாபிக் வேணாம். ஃபார்மசிஸ்ட் செய்ய ஒண்ணுமே இல்லாத டாபிக்கும் வேணாம், சர்ஜரி டெக்னிக்க பத்தி நாம பேசி என்ன ஆகப்போகுது.

டாபிக் முடிவு பண்ணினதும் ஸ்லைடு போடுறதுக்கு முன்னாடியே ஒண்ணு செஞ்சு பாருங்க, அந்த ஏரியா தெரியாத ஒரு ஃப்ரெண்டையும் நல்லா தெரிஞ்ச ஒரு ப்ரீசெப்டரையும் ஆளுக்கு அஞ்சு கேள்வி கேக்கச் சொல்லுங்க. பாதிக்கு மேல முழிச்சீங்கன்னா டாபிக்க மாத்த அதுதான் நேரம். இன்டர்வியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி புது பேப்பர் ஒண்ணு வந்துருச்சுன்னு எல்லாத்தையும் கலைச்சு போடாதீங்க, கடைசி ஸ்லைடுல ஒரு வரி சேத்து, இது என் முடிவ மாத்துதா இல்லையான்னு ஒரு பதில மட்டும் கையில வச்சுக்கோங்க, அத பேனல்ல யாராவது கேக்கத்தான் போறாங்க.