கவுன்சிலிங்ல ஆள் தேறுறாரா எண்டு ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கிறது எப்பிடி

திருகோணமலைப் பக்கம் உளவளத்துணை செய்யுற ஆக்களுக்கு இதை எழுதுறன். "ஆள் இப்ப பரவாயில்லை"ண்டு எங்கட மனசு சொல்லுறதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. 2005ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வில 550 பேரைப் பார்த்ததில 40 பேர் சிகிச்சை முடியேக்க முந்தினதை விட மோசமாப் போயிருக்கினம், பார்த்த தெரபிஸ்ட்மார் அதில முன்கூட்டிச் சரியாச் சொன்னது ஒரேயொரு ஆளை. அவையும் படிச்ச, அக்கறையான ஆக்கள்தான். முன்னால இருக்கிற ஆள் சரியுறது அவையின்ர கண்ணுக்கே தெரியேல்ல.

கன படிவம் வேண்டாம். மனச்சோர்வு எண்டா பிஎச்கியூ-9 எண்ட கேள்விப் படிவம் போதும், கடைசி ரெண்டு கிழமையப் பற்றி 9 கேள்வி, கூடினது மொத்தம் 27 புள்ளி, தமிழிலயும் இருக்கு, இலவசம். வாசிக்கக் களைக்கிற ஆளுக்கு ஓஆர்எஸ் (Outcome Rating Scale) எண்ட சின்னப் படிவம் சுகம்: 10 சென்ரிமீற்றர் கோடு நாலு, தான், வீட்டு உறவு, வெளியுலகம், மொத்தமா எப்பிடி எண்டு புள்ளடி போடுவினம், நீங்கள் அடிமட்டம் வச்சு அளந்து கூட்டினா 40க்கு எவ்வளவு எண்டு வரும், பெரியாக்களுக்கு 25க்குக் கீழ எண்டா கஷ்டத்தில இருக்கினம். ஒண்டை மறக்காதேங்கோ, பிஎச்கியூ குறைஞ்சா நல்லம், ஓஆர்எஸ் கூடினாத்தான் நல்லம்.

கதைக்கத் தொடங்க முந்திக் குடுங்கோ, அண்டைக்கே ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்கோ. நிரப்பி வாங்கி ஃபைலுக்க போட்டு மூடுறதெண்டா அந்த மனுசனை ஏன் கஷ்டப்படுத்துவான்? ஒரு கொப்பியில கிராஃப் கீறி, "பிஎச்கியூ போன முறை 14, இந்த முறை 19, இந்தக் கிழமை என்ன நடந்தது அக்கா?"ண்டு கேளுங்கோ. பிஎச்கியூவில 5 புள்ளி மாறினா அது உண்மையான மாற்றம், ஒண்டு ரெண்டுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனா மூண்டு நாலு முறை வந்தும் கிராஃப் கோடு அசையேல்லையெண்டா செய்யுற முறையை மாத்தோணும், இல்லாட்டி வைத்தியரிட்ட அனுப்போணும், "அவர் ஒத்துழைக்கிறார் இல்லை"ண்டு எழுதி வைக்கிறது மறுமொழி இல்லை.

எங்கட இடத்தையும் சேர்த்து வாசியுங்கோ. மாரிக்கு கடல் கொந்தளிச்சு தொழிலுக்குப் போகேலாமல் இருக்கிற கடற்தொழிலாளிக்குப் புள்ளி மோசமாகலாம், டிசம்பர் 26 கிட்ட வரேக்க 2004ல ஆக்களைப் பறிகுடுத்த வீடுகளிலயும் அப்பிடித்தான், அதைக் கேக்காமல் கவுன்சிலிங் வேலை செய்யேல்லை எண்டு முடிவெடுக்காதேங்கோ.

கதைச்சு முடியிற நேரம் எஸ்ஆர்எஸ் (Session Rating Scale) எண்ட படிவம் குடுங்கோ, அதுவும் நாலு கோடு, 40 புள்ளி, இது உங்களோட கதைச்சது எப்பிடி இருந்தது எண்டு அளக்கிறது. 36க்குக் கீழ வந்தா அப்பவே கதைக்கோணும். எங்கட சனம் மரியாதைக்கு முழுப் புள்ளியும் போட்டு "எல்லாம் நல்லம் மிஸ்" எண்டிட்டு மூதூர் பஸ்ஸைப் பிடிக்க எழும்பியிடும், பேந்து வராது. அதால புள்ளியைப் பார்த்துச் சந்தோசப்படாமல் "இண்டைக்குக் கதைக்க நினைச்சு கதைக்காமப் போறது ஏதும் இருக்கோ?"ண்டு கேளுங்கோ, குறைச்சுப் போட்டா மனசார நன்றி சொல்லுங்கோ, அடுத்த முறையும் உண்மையைப் போடுவினம்.

பிஎச்கியூவின்ர 9ஆவது கேள்வி சாவைப் பற்றி. மொத்தம் எவ்வளவு குறைவா இருந்தாலும் அதில 0 இல்லையெண்டா மற்றதெல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு நேரடியாக் கேளுங்கோ, தனிய அனுப்பாதேங்கோ, 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்தை எழுதிக் கையில குடுங்கோ.