ஆஸி ஆஸ்போர்னின் பிற்கால ஆல்பங்கள்: எல்லாப் பழியும் தொண்டை மேலேயா?

ஹெவி மெட்டல் இசை கேட்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில், பிளாக் சப்பாத் குழுவில் பாடிப் பிறகு தனியாக ஆல்பம் போட்ட ஆஸி ஆஸ்போர்னின் பிற்கால ஆல்பங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், சண்டை மூண்டுவிடும். "குரல் போயிடுச்சு" என்பார் ஒருவர். "கடைசி ரெண்டும்தான் உச்சம்" என்பார் இன்னொருவர். இதில் வேடிக்கை, பல நேரம் இருவருமே ஆஸியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவருக்குப் பிடிக்காதது மாஸ்டரிங், அதாவது பதிவை வெளியிடுமுன் கடைசியாகச் செய்யும் ஒலிச் சீரமைப்பு. மற்றவருக்குப் பிடித்தது தயாரிப்பாளரின் கை. இரண்டும் பாடகரின் கணக்கில் எழுதப்படுகின்றன.

முதல் குழப்பம், "பிற்காலம்" எங்கே தொடங்குகிறது என்பது. ஆஸி பிறந்தது 1948 டிசம்பர் 3. பலர் பிற்கால ஆல்பம் என்று ஒதுக்கும் 'ஓஸ்மோஸிஸ்' 1995-இல் வந்தபோது அவருக்கு 46 வயது. 'டவுன் டு எர்த்' (2001) வந்தபோது 52, 'பிளாக் ரெய்ன்' (2007) வந்தபோது 58, 'ஸ்க்ரீம்' (2010) வந்தபோது 61. 'ஆர்டினரி மேன்' (2020) வந்தபோதுதான் 71, 'பேஷண்ட் நம்பர் 9' (2022) வந்தபோது 73. 46-க்கும் 73-க்கும் நடுவே 27 ஆண்டுகள் இருக்கின்றன. அத்தனையையும் "வயசான ஆஸி" என்று ஒரே மூட்டையில் கட்டினால் எந்த வாதமும் நிற்காது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அவர் சும்மா இருந்தார் என்பதும் தப்பு. தனி ஆல்பம்தான் இல்லை. 2013-இல் பிளாக் சப்பாத்தோடு '13' பாடினார். அது அமெரிக்காவில் அந்தக் குழுவுக்குக் கிடைத்த முதல் 'நம்பர் ஒன்' ஆல்பம்.

அடுத்தது பதிப்பு. பழைய ஆல்பத்தோடு புதியதை ஒப்பிடுபவர், பழையது என்று எதைக் கேட்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். 'பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்' (1980), 'டயரி ஆஃப் எ மேட்மேன்' (1981) இரண்டிலும் பேஸ் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். ராயல்டி வழக்கு நடந்த பின்னணியில் 2002-இல் வந்த மறுவெளியீட்டில் இருவரின் வாசிப்பையும் எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாகப் பதிவு செய்து ஒட்டினார்கள். குரலும் ராண்டி ரோட்ஸின் கிட்டாரும் 1980-81. அடியில் ஓடும் தாளம் 2002. அசல் வாசிப்பு 2011 பதிப்பில்தான் திரும்ப வந்தது. பழைய சிடி கைக்கு வந்தால் உறையின் பின்பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். 2002 என்றிருந்தால் அதை வைத்து "அந்தக் காலத்து சவுண்டே தனி" என்று வாதாட வேண்டாம், பாதி சவுண்டு அந்தக் காலத்தது இல்லை.

ஒலி அளவுக்கு வருவோம். 1980-இன் எல்பி தட்டையும் 2007-இன் சிடியையும் ஆம்ப்ளிஃபயரில் ஒரே அளவில் வைத்துக் கேட்டால் புதியது காதில் பாயும். மாஸ்டரிங்கில் உச்சங்களை நசுக்கி மொத்தத்தையும் மேலே தூக்கியிருப்பதே காரணம். முதல் பத்து நொடியில் அது பிரமாதமாக இருக்கும். முக்கால் மணி நேரத்தில் காது அலுத்துவிடும். அந்த அலுப்பைத்தான் பலர் "பாட்டுல உயிரில்ல" என்று சொல்கிறார்கள். '13' வந்தபோதும் இந்தப் புகார் எழுந்தது. அதன் தயாரிப்பாளர் ரிக் ரூபின், 2008-இல் மெட்டாலிகாவுக்குத் தயாரித்த ஆல்பத்துக்கோ ரசிகர்கள் மறு மாஸ்டரிங் கேட்டுக் கையெழுத்தே திரட்டினார்கள். ஸ்பாட்டிஃபையில் கேட்பவர் அமைப்புகளுக்குள் போய் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை 'ஆன்' செய்துகொண்டு ஒப்பிடலாம். சிடியில் என்றால் புதியது ஓடும்போது குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் கேட்கும்வரை கையால் குறைக்க வேண்டும். நசுக்கியது நசுக்கியதுதான், அது மாறாது. ஆனால் உரப்பை வைத்து ஏமாறுவது நிற்கும்.

இனி தொண்டை. தவறுகள் மலிந்த இடம் இது.

வயது கூடக் கூட குரல் நாண்களின் தசை மெலிகிறது. பாடும்போது இரண்டும் முழுதாக ஒட்டாமல் நடுவே காற்று கசிகிறது. மூச்சு பிடிக்கும் நேரமும் குறைகிறது. ஆண்களுக்கு முதுமையில் பேச்சுக்குரல் கனத்துப்போகும் என்று நினைப்பதுண்டு, பலருக்குச் சற்று மேலேதான் ஏறும். ஆஸிக்கு இதோடு பார்க்கின்சனும் சேர்ந்தது. 2020 ஜனவரியில் அதை வெளியே சொன்னார். அந்த நோயில் குரல் உரப்பு குறையும், ஏற்ற இறக்கம் தட்டையாகும், மெய்யெழுத்துகள் மழுங்கும்.

ஆனால் ஸ்டுடியோவில் இவற்றில் பாதியை மறைக்கலாம். வரி வரியாக, தேவைப்பட்டால் அரை வரியாகப் பாடி ஒட்டலாம், எனவே ஆல்பத்தில் மூச்சு வாங்குவது தெரியாது. உரப்பை மிக்ஸிங்கில் ஏற்றிவிடலாம். மறைக்கக் கடினமானது, வரியின் கடைசியில் இழுத்துப் பிடிக்கும் உயிரெழுத்து. நடுக்கம், காற்றுக் கசிவு, சுருதி சற்றே தொய்வது எல்லாம் அங்கேதான் வெளிப்படும். வயதின் தடம் தெரிய வேண்டுமா? ஹெட்ஃபோனைப் போட்டு, 'டவுன் டு எர்த்'தில் உள்ள 'ட்ரீமர்' பாட்டையும் 'ஆர்டினரி மேன்' தலைப்புப் பாட்டையும் எடுங்கள். இரண்டும் நிதானமான பாட்டுகள், கிட்டார் குரலை மூடாது. பல்லவியை விடுங்கள், அங்கே கூட்டுக்குரல்கள் அண்டக் கொடுக்கும். சரணத்தின் வரி முடிவுகளை மட்டும் கேளுங்கள். "குரல் போச்சு", "போகல" என்பதைவிட உருப்படியாக ஏதாவது சொல்ல வரும்.

"வயசானதால குரலை ரெண்டு மூணு தடவை அடுக்கி மறைக்கிறாங்க" என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி வரும். அடுக்குகிறார்கள் என்பது சரி, காரணம்தான் தப்பு. ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைப்பது ஆஸிக்கு ஆரம்பத்திலிருந்தே பழக்கம். 1980-இன் 'கிரேஸி ட்ரெய்ன்' சரணத்தைக் கவனித்துக் கேட்டால் இரண்டு ஆஸிகள் பாடுவது தெரியும். இரண்டு பதிவுக்கும் உள்ள மயிரிழை வித்தியாசத்தில்தான் அந்த உலோகப் பளபளப்பு வருகிறது. 31 வயதில் செய்ததை 71 வயதில் செய்தால் அதற்குப் பெயர் மறைப்பு இல்லை, பாணி. மென்பொருளில் சுருதி திருத்தியிருப்பதாகக் காதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு: அடுக்கிய குரலும் காதுக்கு வழுவழுப்பாகத்தான் கேட்கும்.

ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டோடு ஒப்பிடுவது இன்னொரு வம்பு. ஹால்ஃபோர்டின் முத்திரை உச்சஸ்தாயி அலறல். ஆஸியுடையது அப்படியல்ல, சப்பாத்தின் 'அயர்ன் மேன்' பாட்டில் குரல் கிட்டார் ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டின்) மேலேயே அடி வைத்து நடக்கிறது. ஒருவருக்கு வயது பறிப்பது உயரத்தை, மற்றவருக்கு நிலைத்து நிற்பதை. சுருதியை இறக்குவதை வயதோடு மட்டும் முடிச்சுப் போடுவதும் சரியில்லை. மேடையில் வயதான பாடகருக்காக அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்குவது வழக்கம்தான். ஆனால் சப்பாத் 1971-இலேயே, ஆஸிக்கு 22 வயதில், கிட்டார் கம்பிகளை மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி வாசித்தது. விரல் நுனிகளைத் தொழிற்சாலை விபத்தில் இழந்த சப்பாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்குத் தளர்ந்த கம்பி வசதியாக இருந்தது. அதிலிருந்து கனமான சத்தமும் பிறந்தது.

"இப்ப எல்லாம் அவருக்கு யாரோ எழுதிக் கொடுக்கிறாங்க" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எப்போதும் அப்படித்தான். சப்பாத்தின் வரிகளில் பெரும்பகுதி அதன் பேஸ் கிட்டாரிஸ்ட் கீஸர் பட்லர் எழுதியது. முதல் தனி ஆல்பங்களின் வரிகளில் பெரும்பகுதி டெய்ஸ்லியுடையது. கொண்டாடப்படும் 'நோ மோர் டியர்ஸ்' (1991) ஆல்பத்தில் 'மாமா, ஐ ஆம் கமிங் ஹோம்' உட்பட நான்கு பாட்டுக்கு வரி எழுதியவர் மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி. 'ட்ரீமர்' பாட்டில் ஃபாரினர் குழுவின் மிக் ஜோன்ஸுக்கும் பங்கு உண்டு. வேலை நடக்கும் முறை மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். விவாதிக்க வேண்டியது அந்த ஆட்களை.

கிட்டாரிலும் இதே கதை. வாசித்தவர் பெயரைப் பார்த்ததும் ரிஃபையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். 'ஸ்க்ரீம்' ஆல்பத்தில் வாசித்தவர் கஸ் ஜி, ஆனால் பாட்டு எழுதியவர் பட்டியலில் தயாரிப்பாளர் கெவின் சர்க்கோவின் பெயரைத்தான் பார்க்கலாம். ரிஃப் சப்பென்று இருக்கிறது என்றால் கேள்வி போக வேண்டிய முகவரி வேறு. 'ஆர்டினரி மேன்' ஆல்பத்தில் ஆஸியின் பழைய கிட்டாரிஸ்ட் ஸாக் வைல்ட் "பழைய மாதிரி வாசிக்கலை" என்று குறைபடுகிறவர்களும் உண்டு. அவர் அதில் வாசிக்கவே இல்லை. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட்தான் பெரும்பாலும் கிட்டார். பேஸ் டஃப் மெக்கேகன், டிரம்ஸ் சாட் ஸ்மித், இரண்டு பாட்டில் ஸ்லாஷ். வைல்ட் திரும்பியது 'பேஷண்ட் நம்பர் 9'-இல். அதிலும் ஜெஃப் பெக், எரிக் கிளாப்டன், அயோமி என்று விருந்தாளிகள் வரிசை கட்டுகிறார்கள். இந்த விருந்தாளிப் பட்டியல் உண்மையிலேயே வாதத்துக்குரிய விஷயம்: பாட்டுக்குப் பாட்டு கை மாறுவதால் ஆல்பத்துக்கு ஒரே முகம் அமையவில்லை. அயோமி வாசிக்கும் இரண்டு பாட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்பதே அதற்குச் சாட்சி. அந்த இரண்டும்தான் ஆல்பத்தின் கனமான இடம் என்பது எங்கள் கணிப்பு. இந்த ஆல்பத்துக்கு 2023-இல் இரண்டு கிராமி கிடைத்ததைச் சிலர் துருப்புச்சீட்டாக இறக்குவார்கள். கிராமி வாக்காளர்கள் மூத்தவர்களுக்குச் செலுத்தும் மரியாதையும் அதில் கலந்திருக்கும். தரத்துக்கு அது அளவுகோல் ஆகாது.

'13' பற்றி: "முதல் ஆல்பத்தையே காப்பி அடிச்சிருக்காங்க" என்பவர்கள் அதை ஏதோ கண்டுபிடித்தது போலச் சொல்வார்கள். ரூபின் குழுவை உட்காரவைத்து 1970-இன் முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டி, அதற்கு அடுத்ததைச் செய்வதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். சாயல் திட்டமிட்டது. சரிப்பட்டு வந்ததா என்பதைத்தான் வாதிட வேண்டும். டிரம்ஸில் சப்பாத்தின் பழைய டிரம்மர் பில் வார்ட் இல்லாமல் பிராட் வில்க் வாசித்ததால் அந்தப் பழைய ஊஞ்சலாட்டம் வரவில்லை என்பது கவனித்துக் கேட்டவர் சொல்லும் குறை, அதில் பொருள் உண்டு.

கடைசியாக, மேடைக் காணொளி. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். 17 நாளில், ஜூலை 22 அன்று, காலமானார். அந்த நிகழ்ச்சியின் துண்டுக் காட்சியைக் காட்டி 2022 ஆல்பத்தில் அவர் பாடியதே இல்லை என்று சாதிப்பவரும் உண்டு, அதே காட்சியில் கண்கலங்கி 'பிளாக் ரெய்ன்' ஆல்பத்தைக்கூட காவியமாக்கிவிடுபவரும் உண்டு. நேரலையில் ஒரு மூச்சில் முழுப் பாட்டும் போக வேண்டும், ஆல்பத்தில் அரை வரி போதும். 'பிளாக் ரெய்ன்' 2007-இல் எப்படியோ அப்படியேதான் இருக்கிறது.